சந்தி விளக்கும் இடிப் பாடமும்

எவாப்பரேஷன்னா என்னன்னு என்கிட்ட கேளுங்க. துணி காயுறதுதான் எவாப்பரேஷன். கொடியில போட்ட ஈரத் துணியோட தண்ணி எங்க போகுது? காத்துக்குள்ள போகுது. கண்ணுக்குத் தெரியாம நம்ம தலைக்கு மேலயே நிக்குது. இதத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்குக் கொடிக்கு அடியில நடக்கவே பயம். எங்க சந்துல எல்லா வீட்டுத் துணியும் வெளியிலதான் தொங்கும். இத்தனை வருஷமா யாரு யாரு துணித் தண்ணிய மூச்சுல இழுத்திருக்கேனோ!

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ்லயும் தெரியாது, மலையாளத்துலயும் தெரியாது. மட்டாஞ்சேரியிலயே பொறந்து மட்டாஞ்சேரியிலயே கெழவி ஆனவ நான். எர்ணாகுளம் பஸ் எதுன்னு கிளீனர் கூவுறதக் கேட்டுத்தான் ஏறுவேன். இப்பவும் நான் எழுதல, பேசுறேன். மவனோட போன் கேட்டு எழுதிக்குது. அதுவும் ஒரு பயம்தான், இருமினா அதையும் எழுதிடுமோன்னு.

சின்ன வயசுல, யூதங்க தெருவு இருக்கே ஜூ டவுன், அங்க ஒரு குடோன்ல சுக்கு பொறுக்குற வேலை பாத்தேன். நாள் பூரா தரையில சம்மணம் போட்டு உக்காந்து, நல்லது ஒரு பக்கம், பூச்சி அடிச்சது ஒரு பக்கம். உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பு போச்சு. என் மருமவளுக்கு நேர் எதிரு. எர்ணாகுளத்துல ஒரு பெரிய துணிக்கடையில சேலை விரிச்சுக் காட்டுற வேலை அவளுக்கு. நின்னு நின்னு கால் போச்சு. கெண்டைக்கால்ல நரம்பு பச்சைப் பச்சையா சுருண்டு கெடக்கும். எது மாதிரின்னு ஒண்ணு சொல்லலாம், ஆனா அதோட பேர நான் வாயால சொல்ல மாட்டேன். கொடி மாதிரின்னு வெச்சுக்கங்க. கடையில ஒக்காரலாம்னு சட்டம் வந்துருச்சாம், ஸ்டூலும் போட்டிருக்காங்களாம். ஆனா ஒக்காந்தா சூப்பர்வைசர் பாக்குற பார்வையில மறுபடி எழுந்துக்கத் தோணுமாம்.

டாக்டர் காலப் பாத்துட்டுக் கோவிச்சார். "இப்படியே நின்னா தோல் கறுத்துப் புண்ணு வரும். வந்துச்சுன்னா லேசுல ஆறாது. வேற வேலை பாரு"ன்னார். சொல்றது சுலபம்.

அப்பத்தான் எர்ணாகுளத்துல ஒரு இங்கிலீஷ் ஸ்கூல்ல லேப்ல உதவிக்கு ஆள் வேணும்னு தெரிஞ்சது. குப்பி கழுவணும், சாமான் எடுத்து வெக்கணும், டீச்சர் சொல்றதப் பாத்துச் செய்யணும். நம்ம மருமவப் புள்ள பிளஸ் டூல சயின்ஸ் படிச்சவ, ஆனா எல்லாம் மலையாளத்துல. அங்க குப்பி மேல, மெஷின் மேல எல்லாம் இங்கிலீஷ்லதான் எழுதியிருக்கும், தப்பாப் படிச்சா கை வெந்துடும். அதனால ஒரு பரீட்சை வெப்பாங்க. சயின்ஸ் பத்தி ஒரு பக்கம் இங்கிலீஷ்ல இருக்கும், அதப் படிச்சுப் புரிஞ்சு கேள்விக்குப் பதில் எழுதணும். மொதத் தடவை போனா, தோத்துட்டு வந்தா. இன்னும் ஒரு தடவைதான் எழுதலாம்னு சொல்லிட்டாங்க.

"அந்த லேப்ல ஒரு நாற்காலி இருக்கு அத்தே. நான் பாத்தேன்"னா, தோத்துட்டு வந்த அன்னிக்கு. மார்க்கப் பத்தி ஒண்ணும் சொல்லல. நாற்காலியப் பத்தித்தான் சொன்னா.

தோப்பும்படியில ஞாயித்துக்கெழமை இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குற ஒரு சார்கிட்டச் சேந்தா. அவர் ஒரு புஸ்தகம் குடுத்தார். தேனீ, வானவில்லு, மழை, மண்ணு, எல்லாத்துக்கும் ஒரு பக்கம். அடியில புதுச் சொல்லு. அதுக்கும் அடியில ஒரு கட்டம் போட்டு இங்கிலீஷ்காரங்க பேசுற தினுசான பேச்சு. சார் ஒரு வழியும் சொல்லிக் குடுத்தாராம். "படி. புஸ்தகத்த மூடு. ஒண்ணுமே தெரியாத ஒரு ஆளுக்கு அதச் சொல்லு. அந்த ஆளுக்குப் புரிஞ்சா உனக்குப் புரிஞ்சதுன்னு அர்த்தம்."

"ஒண்ணுமே தெரியாத ஆளுக்கு எங்க போவேன் அத்தே?"ன்னு கேட்டுட்டு என்னையே பாத்தா.

"மொகத்த வேற பக்கம் திருப்பிக்கிட்டாவது கேளேன்டீ"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

அப்படித்தான் எனக்குப் படிப்பு ஆரம்பிச்சது. அவ கடை விட்டு, படகு புடிச்சு வீட்டுக்கு வர்றப்ப சந்தியாயிடும், பொழுது சாஞ்சு இருட்டுற நேரம். நான் விளக்கு வெச்சுட்டு மீன் உரசவோ கப்பைக் கெழங்குத் தோல் உரிக்கவோ உக்காந்திருப்பேன். அவ சாயா குடிச்சுட்டு, சுவத்துல கால ஒசத்தி வெச்சுப் படுத்துக்கிட்டே படிப்பா. மொதல்ல இங்கிலீஷ்ல கடகடன்னு. அப்புறம் புஸ்தகத்த மூடிட்டு எங்க பேச்சுல, பாதித் தமிழு, பாதி மலையாளம். அப்புறம் நான் கேள்வி கேக்கணும். அவ இங்கிலீஷ்ல பதில் சொல்லணும். பதில் சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? மொகத்தப் பாப்பேன். நெத்தி சுருங்காம வந்தா சரி. நெத்தி சுருங்குச்சுன்னா "திரும்பிச் சொல்லு"ம்பேன். சுக்கு பொறுக்குன கண்ணு, சும்மாவா.

பக்கத்து வீட்டுச் சேச்சி வாசல்ல நின்னு கிண்டல் பண்ணும். "மருமவ டீச்சரு, மாமியாரு ஒண்ணாங் கிளாஸு! பீஸ் கட்டினீங்களா?"

"கப்பைப் புழுக்கு பண்ணிக் குடுக்கேனே, அது பீஸு இல்லையா?"ன்னேன்.

புஸ்தகத்துல அந்தக் கட்டத்துக்குள்ள இருக்கிற பேச்சுதான் எனக்கு ரொம்பப் புடிக்கும். வானவில்லைத் துரத்துறான்னா, கெடைக்காததுக்கு அலையுறான்னு அர்த்தமாம். சாயாக் கோப்பைக்குள்ள புயல் அடிக்குதுன்னா, ஒண்ணுமில்லாததுக்குப் பெரிய சண்டையாம். எங்க சந்துல தண்ணிப் பைப்புகிட்ட காலையில நடக்குறது அதுதான். மறுநாளே கொடத்தோட போயி, "இங்க என்ன சாயாக் கோப்பையில புயலா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சண்டைய விட்டுட்டு என்னையப் பாத்தாங்க. சேச்சி எம் மருமவகிட்டப் போயி, "அம்மைக்கு என்ன ஆச்சு?"ன்னு விசாரிச்சிருக்கு.

பயமும் அப்பவே ஆரம்பிச்சுருச்சு. பூமி சுத்துதுன்னு சொன்னா ஒரு நாளு. நின்ன எடத்துலயே நிக்கல, சுத்திக்கிட்டே ஓடுதாம். எவ்வளவு வேகமான்னேன். வல்லார்பாடத்துல உங்க மவன் ஓட்டுற டிரெய்லர் லாரியெல்லாம் பக்கத்துலயே வர முடியாது அத்தேன்னா. நான் கட்டில் காலப் புடிச்சுக்கிட்டேன். ஒண்ணாங் கிளாஸ் படிக்கிற பேத்தி கைகொட்டிச் சிரிச்சா. "கட்டிலும் சேந்துதான் பாட்டி சுத்துது!" அதுக்கப்புறம் நான் கட்டிலப் புடிச்சு என்ன பிரயோஜனம்?

வாய்க்குள்ள எண்ண முடியாத பூச்சி குடியிருக்குன்னா இன்னொரு நாளு. அன்னிக்கு நான் உப்புத் தண்ணியில எத்தனை தடவை கொப்புளிச்சேன்னு கேக்காதீங்க.

இப்ப ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுல சந்திக்கு விளக்கு வெச்சா கெட்ட பேச்சு பேசக் கூடாது. சாவு, நோவு, தீ, பேரு சொல்லாத அந்த ஜந்து, எதையும் வாயில எடுக்கக் கூடாது. வீட்டுல அரிசி தீந்து போனாக்கூட "இல்ல"ன்னு சொல்லக் கூடாது, "வாங்கணும்"னுதான் சொல்லணும். எங்க மாமியா எனக்குச் சொன்னது, இவ கல்யாணமாயி வந்த அன்னிக்கே நான் இவளுக்குச் சொன்னது. வெளையாட்டுக்குச் சொன்னதில்ல. என் வீட்டுக்காரரு கார்ப்பரேஷன்ல சாக்கடை ஓடை வாருற வேலை பாத்தவரு. சிரிச்சுக்கிட்டே இருக்குற மனுசன். ஒரு நாள் சந்திக்கு, நான் அப்பத்தான் திரி ஏத்துறேன், "நான் போனா அந்த ரேடியோவையும் என்கூடவே வெச்சு அனுப்பிடு, அங்க பொழுது போகாது"ன்னாரு. நான் வாயப் பொத்தினேன். பொத்தி என்ன? சொன்னது சொன்னதுதானே. அந்த வாரமே நெஞ்சப் புடிச்சுக்கிட்டுக் கீழ விழுந்தவரு எழுந்திரிக்கல. அதுலருந்து விளக்குக்கு முன்னால எவன் என்ன பேசுறான்னு என் காது தனியா முழிச்சுக்கிட்டே கெடக்கும்.

பரீட்சைக்கு முன்னால சார் ஒரு வெள்ளோட்டம் வெச்சார். வெச்சுத் திருத்திட்டு, அன்னிக்குச் சாயங்காலமே போன் பண்ணார். மருமவ கையெல்லாம் மீனு. அதனால போன ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வெச்சிருந்தா. நானும் பக்கத்துல.

"தேனீ பாடம் பிரமாதம் மோளே. வானவில்லு, ஆனைத் தும்பிக்கை, பட்டாம்பூச்சி, ஒண்ணுலயும் குத்தம் இல்ல. ஆனா இடி மின்னல்ல ஒண்ணுமே எழுதல. வெறிநாய்க் கடியில ஒண்ணுமே எழுதல. பூகம்பத்துல கேள்வியே புரியல. அந்தச் சொல்லெல்லாம் புஸ்தகத்துலயே இருக்கே. பாதிப் புஸ்தகத்த நீ தொறக்கவே இல்லையா?"

அவ மீன உரசிக்கிட்டே இருந்தா.

"இப்படி எழுதினா இந்தத் தடவையும் கெடைக்காது, கேட்டியா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார்.

நான் கேட்டேன். "என்ன புள்ளே, இடிப் பாடம்னு ஒண்ணு நீ எனக்குச் சொல்லவே இல்லையே?"

"எப்படி அத்தே சொல்றது? நான் வர்றதே விளக்கு வெக்கிற நேரம். அதுல ஆளு சாவுறது வருது. நாய்க் கடியிலயும் வருது. பூகம்பத்துல வீடு இடியுது. அதையெல்லாம் தாண்டித் தாண்டிப் போயிட்டேன். நல்லதா இருக்குறதுல போதும்னு நெனச்சேன்."

"எனக்குச் சொல்லலேன்னா என்ன, நீயாப் படிச்சுக்க வேண்டியதுதானே?"

"யாருக்காவது சொன்னாத்தான் அத்தே எனக்கு நிக்குது."

என் கண்ணு அவ கால்மேலதான் போச்சு. கணுக்கால்கிட்ட ஒரு எடம் கறுக்க ஆரம்பிச்சிருந்தது. டாக்டர் சொன்ன அந்தக் கறுப்பு.

வேற நேரம் இருக்கான்னு பாத்தோம். காலையில முடியாது. பைப்புல தண்ணி வரும், பேத்தியக் கெளப்பணும், சோறு கட்டணும், இவ ஓடணும். படகுல கூட்டத்துல நின்னுக்கிட்டு வர்றா, அங்க எதப் படிக்க? ராத்திரி சாப்பிட்டதும் கண்ணு சொருகிடும், எழுப்ப மனசு வராது. விளக்கக் கொஞ்சம் தள்ளி வெச்சாத்தான் என்னன்னு நெனச்சு ஒரு நாள் ஏத்தாம உக்காந்தேன். பாடம் முடிச்சு ஏத்திக்கலாம்னு. வீடு இருட்டிக்கிட்டு வருது, சாமி படம் மங்கலாயிட்டே போகுது. அவ வாயத் தொறக்குறதுக்குள்ள நான் ஓடிப்போயி ஏத்திட்டேன். கெட்ட பேச்சுக்கு விளக்கு ஆகாதுன்னா, விளக்கே இல்லாத வீட்டுக்கு என்னவெல்லாம் வருமோ!

"அத்தே, சாரமில்ல, பரவால்ல, விட்டுருங்க. கடையே போதும்"னா அவ.

"நீ புஸ்தகத்த எடு"ன்னேன்.

"எதுலருந்து?"

"இடியிலருந்து."

துன்னூறு எடுத்து அவளுக்குப் பூசி, பேத்திக்குப் பூசி, எனக்கும் பூசிக்கிட்டு, விளக்குக்கு முன்னாலயே போயி உக்காந்துக்கிட்டேன். தள்ளி இருந்து பயப்படுறதுக்குப் பக்கத்துல இருந்தே பயப்படலாம். சாமிகிட்ட சொன்னேன், இது நாங்க சொல்றதில்ல, இங்கிலீஷ்காரன் எழுதினது, அவ படிக்கிறா, அவ்வளவுதான்னு.

மேகத்துக்குள்ள ஐஸுத் துணுக்கும் தண்ணியும் ஒரசி ஒரசிக் கரண்டு சேருமாம். சேந்தது தாங்காமக் கீழ எறங்குமாம். மின்னலும் இடியும் ஒண்ணாத்தான் பொறக்குது, வெளிச்சம் வேகமா வந்துருது, சத்தம் பின்னால நடந்து வருதுன்னா. மரத்தடியில நின்னா... இங்க அவ நிறுத்திட்டா. விளக்கப் பாத்தா, என்னையப் பாத்தா.

"நின்னா?"ன்னு கேட்டேன்.

"செத்துருவாங்க அத்தே."

சொல்லிட்டா. விளக்கு ஆடுச்சு. காத்துக்குத்தான் ஆடுச்சு. நான் எண்ணெய் ஊத்தினேன், விளக்குக்குப் பாதி, தரைக்குப் பாதி. அப்புறம் கேள்வி கேட்டேன். "மின்னல் எப்ப வரும்? எங்க நிக்கக் கூடாது? ஏன் நிக்கக் கூடாது?" அவ இங்கிலீஷ்ல சொன்னா. நெத்தி சுருங்குச்சு. திரும்பிச் சொல்லச் சொன்னேன். கட்டத்துல இடியத் திருடுறதுன்னு ஒரு பேச்சு. நாம செஞ்சதுக்குக் கெடைக்க வேண்டிய பேர வேற ஒருத்தி தட்டிக்கிட்டுப் போறதாம். என் நாத்தனா ஒருத்தி இருந்தா. நான் வெச்ச பாயசத்தப் பந்தியில தான் வெச்சதாச் சொல்லி வெளம்பினா. இடி திருடி! அந்தச் சிரிப்புல அன்னிக்கு ராத்திரி தப்பிச்சேன்.

விடிஞ்சு எழுந்ததும் எல்லாரையும் பாத்தேன். மவன் கொறட்டை விட்டுக்கிட்டு இருந்தான். பேத்தி காலத் தூக்கி அம்மா மேல போட்டிருந்தா. எல்லாரும் இருந்தாங்க.

அப்புறம் வெறிநாய். கடிச்ச எடத்துலருந்து கிருமி நரம்பு வழியா மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுமாம். கடிச்ச ஒடனே சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில ரொம்ப நேரம் கழுவணும், ஊசிக்கு ஓடணும். இதுக்கப்புறம் எங்க சந்து நாய்ங்களப் பாத்தா எனக்கு ஒதறல். நான் பிஸ்கட் போட்டு வளத்ததுதான், என்னையப் பாத்து வாலாட்டுது, நான் சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டுப் போறேன். கையில எப்பவும் ஒரு சோப்புத் துண்டு. சேச்சி கேட்டுச்சு, "குளிக்கவா போறீங்க?" "எவாப்பரேஷன் பாக்கப் போறேன்"னேன். அதுக்கு மேல கேக்கல.

பூகம்பப் பாடம் வந்த அன்னிக்குச் சமையல்கட்டுல மேல் பலகையில இருந்த அண்டாவ எறக்கிக் கீழ வெச்சேன். மவன் வந்து தடுக்கி விழப் பாத்தான். "இது எதுக்கும்மா நடு வீட்டுல?" "பூமி ஆடினா தலையில விழாது"ன்னேன். "இப்பக் கால ஒடைக்குதே!"ன்னான்.

கடைசியா இருந்தது கடல் பாடம். அத அவ எடுக்கவே இல்ல. நான்தான், என்ன பாக்கின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். எடுத்த நாளு பாருங்க, அமாவாசைக்குப் பக்கம். எங்க ஊருல மழைக்காலம் முடிஞ்ச மாசங்கள்ல அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் காயல் தண்ணி ஏறும். ஓடை வழியாத் திரும்பி வந்து சந்துக்குள்ள நொழையும். கறுப்புத் தண்ணி, சத்தமே இருக்காது. வேலியேத்தம்னு சொல்வாங்க. வந்துட்டு எறங்கிடும்தான். நாங்க பழகினவங்க, சாக்கு மூட்டையெல்லாம் தூக்கிக் கட்டில் மேல வெச்சுட்டு நம்ம வேலையப் பாப்போம். அன்னிக்கும் அரிசி டப்பா, பேத்தியோட பை, கேஸ் ஸ்டவ் எல்லாம் மேல ஏத்தியாச்சு. விளக்கு எப்பவும் சுவத்துப் பலகையில, அதனால அதுக்குப் பயமில்ல. மூணு பேரும் கட்டில்ல கால மடக்கி உக்காந்தோம். மவன் இன்னும் வரல.

அவ படிச்சா. மூடினா. சொன்னா. மலை மேலயும் தரை மேலயும் கெடக்குற ஐஸெல்லாம் உருகுதாம், அது கடலுக்கு வருதாம். கடல் தண்ணியும் சூடாகி வீங்குதாம்.

"தண்ணி வீங்குமா?"

"கொஞ்சம்தான் வீங்கும் அத்தே. ஆனா கடல் எவ்வளவு பெருசு!"

அந்நேரம் வாசப்படியத் தாண்டி உள்ள வந்துருச்சு. என் செருப்பு ஒண்ணு மெதந்து போயி அலமாரி காலுல முட்டி நின்னுச்சு.

"கரையோரமா இருக்குற பள்ளமான ஊருங்க..."ன்னு ஆரம்பிச்சவ வாய மூடிட்டா. "வேண்டாம் அத்தே. இது வேண்டாம்."

பேத்தி என் மடியில ஏறிக்கிட்டா. கட்டிலுக்கு அடியில தண்ணி, தலைக்குப் பின்னால விளக்கு, நடுவுல இவ வாயில அந்தச் சொல்லு. என் வீட்டுக்காரரு ரேடியோன்னு சொன்னது காதுல கேட்டுச்சு. நிறுத்துன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அப்ப அவ கால் என் காலுக்குப் பக்கத்துலயே நீட்டிக் கெடந்தது. அந்தக் கறுப்பு முன்னவிடப் பெருசா இருந்தது.

"பள்ளமான ஊருங்க என்னாகும்?"னேன்.

"முழுகிடும்."

"எந்த ஊருன்னு எழுதியிருக்கா?"

"இல்ல அத்தே, பேரு போடல."

"போடலேல்ல? அப்ப நிறுத்தாத. எப்ப முழுகும்? ஏன் முழுகும்? முழுகாம இருக்க என்ன செய்யணும்? சொல்லு."

அவ அழுதுக்கிட்டே இங்கிலீஷ்ல சொன்னா. நான் மொகத்தப் பாத்தேன். கண்ணுல தண்ணி ஓடுது, நெத்தி மட்டும் சுருங்கல. ஒரு எடத்துலயும் சுருங்கல. பேத்தி நிமிந்து பாத்துட்டு, "அம்மா பாஸு"ன்னா. சாப்பாட்டு நேரத்துக்குத் தண்ணி எறங்கிடுச்சு. மவன் வந்து சேறு கழுவினான். நான் மெதந்த செருப்ப வெயில்ல வெக்கணும்னு ஓரமா எடுத்து வெச்சேன்.

பரீட்சை அன்னிக்கு அவ போனதுலருந்து நான் ஒண்ணும் திங்கல. சாயாகூட எறங்கல. மாரியம்மன் கோயிலுக்குப் போயி நின்னேன், ஆனா என்ன வேண்டிக்கிறதுன்னு தெரியல. இடியே வரட்டும், நாயே வரட்டும், பூகம்பமே வரட்டும்னு ஒரு அம்மன்கிட்ட எப்படிக் கேக்குறது? "பரீட்சையில மட்டும்"னு சொல்லிச் சொல்லிக் கேட்டுட்டு வந்தேன். பக்கத்துல நின்ன பொம்பளை ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டா.

சந்திக்கு வந்தா. விளக்கு ஏத்தியிருந்தேன். கால சுவத்துல ஒசத்தி வெச்சுக்கிட்டு, "அத்தே, இன்னிக்கு வந்த பாடம் சொல்லட்டா?"ன்னா.

துன்னூறு டப்பாவக் கையில எடுத்துக்கிட்டு உக்காந்தேன். "சொல்லு."

"மாவு ஏன் பொங்குது."

"என்னது?"

"அப்பத்துக்கு மாவு கரைச்சு வெச்சா ஏன் பொங்குது, ரொட்டி ஏன் உப்புது. அது ஒரு பாடம்."

எனக்கு வந்த கோவம் இருக்கே! இடிக்கும் நாய்க்கும் கடலுக்கும் நடுங்கி, எண்ணெய் கொட்டி, செருப்பு நனைஞ்சு, கடைசியில அப்ப மாவா? "இத எழுதத்தானா நான் இந்தப் பாடு பட்டேன்? நான் தெனம் பாக்குறதடி அது!"

அவ வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சுட்டு, "இன்னொரு பாடமும் வந்துச்சு அத்தே"ன்னா. "புயலும் கடலும். பாதிச் சொல்லு நம்ம கட்டில்ல ஒக்காந்து சொன்னதுதான்."

"எழுதினியா?"

"எழுதினேன். உங்க செருப்பு அலமாரியில முட்டினது ஞாபகம் வந்துச்சு. வரிசையா எல்லாம் வந்துருச்சு."

முடிவு சொல்ற வரைக்கும் இருந்த பயத்த நான் சொல்லப் போறதில்ல. ஸ்கூல்லருந்து போன் வந்தப்ப அவ கடையில இருந்தா. அங்கருந்து என்னையக் கூப்பிட்டா, பேச்சு வரல, மூச்சுதான் வந்துச்சு. நான் யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சு மாரடிக்கப் போனேன். சேச்சி ஓடி வந்து போன வாங்கிப் பேசிட்டு, "கெடைச்சாச்சு அம்மே, வேலை கெடைச்சாச்சு!"ன்னு கத்துச்சு. சந்து பூரா சாயா போட்டுக் குடுத்தேன்.

வேலைக்குச் சேந்த மொத நாளு, நல்ல உச்சி வெயில் நேரம், போன் அடிச்சது. சாமி படத்தப் பாத்துக்கிட்டேதான் எடுத்தேன். இப்பல்லாம் போன் அடிச்சாலே அப்படித்தான்.

"என்ன புள்ளே? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தே. உக்காந்துக்கிட்டுப் பேசுறேன்."

நானும் கட்டில்ல உக்காந்துக்கிட்டேன்.

"நாற்காலிக்குக் கை இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இருக்கு. சாயவும் செய்யலாம். காலுக்கு ஒரு பெட்டியும் போட்டுக்கிட்டேன், யாரும் ஒண்ணும் சொல்லல." அப்புறம் கொரலத் தணிச்சுக்கிட்டா. "ஆனா ஒண்ணு அத்தே. எனக்குப் பின்னால ஒரு எலும்புக்கூடு இருக்கு. முழு ஆள் ஒசரம். பிளாஸ்டிக்தான். ஆனாலும் திரும்பிப் பாக்கப் பயமா இருக்கு."

நல்ல வேளை, பகல்ல சொன்னா. சந்திக்குச் சொல்லியிருந்தா நான் விளக்கோட சேந்து விழுந்திருப்பேன்.

"அது நிக்குதா, உக்காந்திருக்கா?"

"நிக்குது அத்தே."

"நிக்கட்டும்"னேன். "நீ உக்காரு."